காரைச் சுமக்கும் காற்று
கசிவை அறிந்தால் கைப்பணம் மிஞ்சும்

இரவு முற்றத்திலே நிமிர்ந்து நின்ற கார், விடியற்காலையிற் பார்க்கும்போது, முழங்கால் மடித்த எருதைப்போல ஒரு பக்கம் சரிந்து கிடப்பதுண்டு. ரயர்கள் நான்கிலும் காற்றுக் குறையவில்லை. இரும்பு வில் எதுவும் முறியவுமில்லை. இயந்திரத்தை இயக்கியதும் எங்கோ ஒரு சிறு பொறி முனகத் தொடங்குகின்றது. சில நிமிடங்களில் கார் மெல்ல மெல்ல எழுந்து பழைய நிலைக்கு வந்துவிடுகின்றது. “எழுந்துவிட்டதே, இனி என்ன குறை?” என்று சொந்தக்காரர் மனம் ஆறிப் புறப்பட்டுவிடுகின்றார். பின்னர் வரப்போகும் பெருஞ் செலவுக்கு வித்து விழுவது அந்த வேளையிலேதான்.

இஃது எயார் சஸ்பென்ஷன் என்று கராஜ்களில் வழங்கும் காற்றுவில் அமைப்பைக் கொண்ட கார்களுக்கு வரும் நோய். ஒரு காலத்திற் பெரிய பஸ்களிலும் செல்வர்களின் கார்களிலும் மாத்திரம் இருந்த இந்த அமைப்பு, பழைய வாகனச் சந்தையின் வழியாக இன்று நடுத்தரக் குடும்பங்களின் முற்றத்துக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. வாங்கும்போது விலை மலிவு. பழுதானாற் பாகங்களின் விலையோ யானை விலை.

எங்கள் நாட்டிலே 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையிலே, 2022ஆம் ஆண்டில், ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 350 ரூபாவையும் கடந்தது. இருக்கும் வாகனத்தைக் காப்பாற்றி ஓட்டுவதன்றி வேறு வழியில்லாதிருந்த அந்த ஆண்டுகளில், “பாகத்தை மாற்றுவதா, பழுது பார்ப்பதா?” என்ற கேள்வி பல வீடுகளிற் குடும்பக் கணக்கின் கேள்வியாகவே ஆயிற்று. ஆனால், இந்தக் கேள்வியிற் பணம் மாத்திரமன்று, உயிரும் அடங்கியிருக்கின்றது. எதைத் திருத்தலாம், எதைத் திருத்தலாகாது என்ற வேறுபாட்டை அறிந்தவனுக்கே சிக்கனம் நன்மை செய்யும்.

காற்று வில்லாவது எப்படி?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து, அதன் வாயை விரலால் இறுக மூடிக்கொண்டு கைப்பிடியை உள்ளே தள்ளிப் பாருங்கள். சிறிது தூரம் இறங்கும், பின்னர் எதிர்க்கும், கையை எடுத்ததும் துள்ளி மேலே வரும். இதுவே காற்றுவில்லின் தத்துவம். அடைபட்ட காற்றின் கனவளவு குறையக் குறைய அதன் அமுக்கம் கூடும் என்பதை அறிஞர் றொபேட் பொயில் 1662ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். பள்ளி மாணவர் யாவரும் படிக்கும் பொயிலின் விதி அது.

காரிலே இரும்புச் சுருள்வில் இருக்கவேண்டிய இடத்தில், நூலிழைகள் பின்னிய தடித்த றப்பர்ப் பையொன்று பொருத்தப்பட்டிருக்கும். விபத்தின்போது விரிந்து ஆளைக் காக்கும் பை வேறு, இது வேறு. இதனுட் காற்று அடைக்கப்படுகின்றது. பை தாங்கும் பரப்பு நான்கு அங்குல விட்டமுள்ள வட்டம் என்று கொள்வோம். அதன் பரப்பளவு ஏறக்குறைய 12½ சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கத்திற் காற்றை அடைத்தால், அந்தப் பை 1,000 இறாத்தற் பாரத்தைத் தாங்கும். நான்கு சக்கரங்களுக்கும் நான்கு பைகள். மொத்தம் 4,000 இறாத்தல். ஏறக்குறைய ஒன்றே முக்கால் தொன் எடையுள்ள கார் வெறுங் காற்றின்மேல் நிற்கின்றது!

காற்றைத் தயாரிக்க மின்னால் இயங்கும் கொம்பிரசர் ஒன்று உண்டு. அது இழுக்கும் காற்றின் ஈரலிப்பை உறிஞ்சுவதற்கு உலர்த்திக் குடுவையொன்று; உலர்ந்த காற்றைச் சேமிக்க ஒரு தாங்கி; எந்தப் பைக்கு எவ்வளவு காற்று என்று பங்கிட வால்வுகள் அடங்கிய ஓர் உலோகக் கட்டை; கார் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்று அறிவிக்க ஒவ்வொரு மூலையிலும் ஓர் உணரி; இவற்றை ஆளுவதற்கு ஓர் இலத்திரனியற் பெட்டி. சில கார்களிற் காற்றுத் தாங்கி இராது. அமைப்பு எதுவாயினும் வேலை ஒன்றே. ஆள் ஏறிப் பாரம் கூடினாற் காற்றை நிரப்பி நிமிர்த்தும். இறங்கினாற் காற்றை விட்டுத் தாழ்த்தும்.

வந்த கதை

ஜோன் டன்லப் 1888ஆம் ஆண்டில் ரயருக்குட் காற்றை அடைத்துப் பயன் கண்டார். வாகனத்தின் வில்லாகவே காற்றை வைக்கலாம் என்ற எண்ணத்துக்கு அமெரிக்கரான வில்லியம் ஹம்பிறீஸ் 1901ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். ஆயினும் அரை நூற்றாண்டின் பின்னரே அது பெருவழக்காயிற்று. அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய கிறேஹவுண்ட் நிறுவனத்தின் சீனிக்குறூசர் பஸ்கள் காற்றுவில்லின்மேல் மிதந்து சென்றன. 1957ஆம் ஆண்டிற் கடிலாக் நிறுவனம் தனது எல்டோறாடோ புறூம் என்ற கார்களுக்கு அதனைப் பொருத்தியது. அடுத்த ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸின் ஏனைய கார்களும், விரும்பியவர்களுக்கு அதனை அளித்தன.

கார்களில் அந்த முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. காற்றுக் கசிந்தது; கார்கள் சரிந்து நின்றன. சொந்தக்காரர்கள் முழு அமைப்பையுமே கழற்றி எறிந்துவிட்டு இரும்பு வில்லைப் பூட்டிக்கொண்டார்கள். சில ஆண்டுகளுள் அந்நிறுவனங்களும் அதனைக் கைவிட்டன. ஆனால், பஸ்களிலே காற்றுவில் நிலைத்துவிட்டது. இதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய பஸ்களிலே தடுப்புக்கு வேண்டிய அமுக்கக் காற்று எப்போதும் இருந்தது. காற்றுக் குழாயையும் வால்வையும் நாள்தோறும் கையாண்டு பழகிய தொழிலாளர் டிப்போக்களில் இருந்தனர். கசிவு அவர்களுக்கு விந்தையன்று. தேடிப் பிடித்து அடைக்கவேண்டிய ஒரு சாதாரண வேலை.

பிரான்சு நாட்டுச் சிற்றோயன் நிறுவனம் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட டீ.எஸ். என்ற கார் வேறொரு வழியைக் கைக்கொண்டது. அதிலே இரும்பு உருண்டைக்குள் நைதரசன் வாயுவை அடைத்து, எண்ணெயின் வழியாகப் பாரத்தைத் தாங்கினார்கள். அந்த உருண்டையில் வாயுக் குறைந்தால் அதனை எறியாமல் மீண்டும் வாயு நிரப்பும் பழக்கமும் கூடவே வளர்ந்தது.

பின்னர் இலத்திரனியல் வளர்ந்ததும் காற்றுவில் கார்களுக்குத் திரும்பி வந்தது. 1992ஆம் ஆண்டிலே றேஞ்ச் ரோவர் வாகனத்திலும், 1998ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் கார்களிலும் அது இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் தலைமுறை றேஞ்ச் ரோவரை இங்கிலாந்திற் பலர் இன்றும் தம் வீட்டு முற்றத்திலே தாமே திருத்தி ஓட்டுகின்றார்கள். ஆகவே, இந்தக் கட்டுரையில் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒன்றின் நோய், மற்றொன்றின் சாவு

காற்றுவில் பழுதுகளைப் பற்றி அறியவேண்டிய தலையாய செய்தி ஒன்றுண்டு. செத்துப்போன பாகம் வேறு. நோயுற்ற பாகம் வேறு.

கொம்பிரசர் இடைவிடாது ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. சிறிது நேரம் ஓடித் தாங்கியை நிரப்பிவிட்டு ஓய்வதே அதன் இயல்பு. எங்கோ ஒரு சிறு கசிவு உண்டானதும் அதற்கு ஓய்வு போய்விடுகின்றது. இழந்த காற்றை ஈடுசெய்ய மீண்டும் மீண்டும் ஓடுகின்றது, சூடேறுகின்றது, அதன் பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் தேய்கின்றது. தேய்ந்ததும் முன்னைய அமுக்கத்தை எழுப்ப இன்னும் கூடிய நேரம் ஓடவேண்டியிருக்கின்றது. கூடுதலான காற்று உள்ளே வரும்போது கூடுதலான ஈரலிப்பும் வருகின்றது. உலர்த்தியின் மணிகள் நனைந்து பயனற்றுப்போகின்றன. ஈரம் வால்வுகளுட் புகுந்து அரிக்கின்றது. மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயும் அடிக்கடி வேலை செய்து கருகுகின்றது. ஈற்றில் ஒருநாள் கொம்பிரசர் அடியோடு நின்றுவிடுகின்றது.

அன்றைக்குத்தான் வாகனம் கராஜுக்குப் போகின்றது. “கொம்பிரசர் போய்விட்டது, புதிதாகப் போடவேண்டும்” என்கிறார்கள். அது பொய்யன்று, கொம்பிரசர் செத்தது மெய்தான். ஆனால், அதைக் கொன்ற கசிவு அங்கேயே இருக்கின்றது. பெரும்பணம் கொடுத்துப் பூட்டிய புதிய கொம்பிரசரும் அதே கசிவுக்கு இரையாகின்றது. ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் வார்க்கும் கையை மாற்றுவதால் என்ன பயன்? குடத்தின் ஓட்டையையல்லவா முதலிற் பார்க்கவேண்டும்!

கசிவைக் கண்டுபிடித்தல்

இதற்கு வேண்டிய கருவிகள் ஓர் அளவு நாடா, ஓர் அப்பியாசப் புத்தகம், சிறிது சவர்க்கார நீர், ஒரு தூரிகை. இவை எந்த வீட்டிலும் உள்ளவை.

மாலையிற் காரைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்தின் நடுப் புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்காட்டின் விளிம்புவரை அளந்து, நான்கு மூலைகளின் உயரத்தையும் எழுதிக்கொள்க. காலையில் மீண்டும் அளக்க. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. றேஞ்ச் ரோவர் போன்ற வாகனங்களில் இலத்திரனியற் பெட்டி இரவிலும் இடையிடையே விழித்து, தாழ்ந்துபோன மூலையின் மட்டத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிவிடும். ஆகவே, கசிவது ஒன்று, தாழ்வது நான்கு! இந்த மயக்கத்தைத் தவிர்க்க, காற்றுவில்லுக்குரிய உருகியையோ ரிலேயையோ, கைநூலைப் பார்த்து, அன்றிரவு மாத்திரம் கழற்றி வைக்கவேண்டும். காலையில் ஒரு மூலை மாத்திரம் தாழ்ந்திருந்தால் அந்த மூலையின் பை, குழாய், அல்லது அதற்குரிய வால்வு என்பனவற்றுள் ஒன்றிலே குறை. பல மூலைகளும் சேர்ந்து தாழ்ந்திருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான வால்வுக் கட்டையையே முதலில் ஐயுறவேண்டும்.

பின்பு சவர்க்கார நீரின் வேலை. சைக்கிள் ரியூப்பிற் பொத்தல் எங்கே என்று அறிய அதனைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழியைப் பார்க்கிறோம். காரைத் தண்ணீரில் அமிழ்த்த முடியாது. ஆகவே, தண்ணீரைக் காரிடம் கொண்டு செல்கிறோம். அமைப்பிற் காற்று நிறைந்திருக்கும்போது குழாய் முனைகளிலும், வால்வுக் கட்டையின் பொருத்துகளிலும், பையின் கீழ் மடிப்பிலும் நுரையைத் தடவுக. கசிவுள்ள இடத்திலே நுரை பொங்கும். மிகச் சிறிய கசிவானாற் குமிழி தோன்றச் சில நிமிடங்கள் செல்லும்; பொறுமை வேண்டும். மின்கம்பிகள் உள்ள இடத்தில் நீரைத் தெளிக்காமல் தூரிகை முனையாற் சிறிதளவே தடவிப் பின் துடைத்துவிடவேண்டும். காருக்கு அடியிலே தலையை விடவேண்டிய இடமானால், பின்னே சொல்லப்போகும் காப்பு முறைகளைச் செய்த பின்னரே அங்கே போகவேண்டும்.

ஒரு சிறு வளையத்தின் பெருமை

இவ்வாறு தேடுவோர், குற்றவாளி ஒரு சிறு கறுப்பு வளையமாக இருப்பதைப் பல வேளைகளிற் காண்பர். ஓ-றிங் என்று அதற்குப் பெயர். விரலில் அணியும் மோதிரத்தளவும் இராது. டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்ரென்சன் தமது எழுபதைத் தாண்டிய வயதில் இதற்கு விண்ணப்பித்து, 1939ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். ட்ராம் வண்டிகளின் காற்றுத் தடுப்புகளைச் செய்து புகழ் பெற்றவரும் அவரே.

உலோகத்தில் வெட்டிய தவாளிப்பில் இந்த வளையம் சிறிது நசுங்கி உட்கார்ந்திருக்கும். காற்றின் அமுக்கம் அதனை ஒரு பக்கமாகத் தள்ளும். தள்ளத் தள்ள அஃது இடைவெளியை மேலும் இறுக மூடும். எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக் கொள்ளும் காவலன் எனலாம். ஆனால், ஆண்டுகள் பல நசுங்கியிருந்தும் சூட்டிலே காய்ந்தும் இறுகினால், றப்பர் தன் துள்ளலை இழந்துவிடும். பழைய வளையத்தைக் கழற்றிப் பார்த்தால், உருண்டு திரண்டிருந்த அதன் உடல் தட்டையாகி இருப்பதைக் கண்ணாலே காணலாம். அந்தத் தட்டையான இடத்தினூடாகவே காற்றுத் தப்பிச் செல்கின்றது.

சிறு வளையந்தானே என்று எண்ணலாகாது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 செக்கன்களில் வானிலே சிதைந்து எழுவர் மாண்டனர். அதன் உந்துகலத்தின் பொருத்தில் இருந்த இத்தகைய வளையங்கள் அன்றைய குளிரில் விறைத்துத் தம் வேலையைச் செய்யாமற் போனமையே காரணம். விசாரணைக் குழுவிலிருந்த அறிஞர் றிச்சார்ட் பெயின்மன், அந்த றப்பர்த் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அது துள்ளலை இழப்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார்.

வீட்டிற் செய்யக்கூடியவை

வால்வுக் கட்டையை முழுதாகப் புதிதாக வாங்குவதானால் இங்கிலாந்திலே பல நூறு பவுண் செல்லும். அதன் வளையங்களை மாத்திரம் ஒரு தொகுதியாக வாங்கினாற் சில பவுண்களோடு காரியம் முடியும். கைத்திறமையும் பொறுமையும் உள்ளவர் ஒரு விடுமுறை நாளில் இதனைச் செய்யலாம். கழற்றுமுன் ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்க. எந்தக் குழாய் எந்தத் துளைக்கு என்று அடையாளமிடுக. பழைய வளையத்தைக் கிளப்ப ஊசியையோ இரும்பு முனையையோ பயன்படுத்தலாகாது. தவாளிப்பிலே ஒரு கீறல் விழுந்தாற் புதிய வளையமும் கசியும். கூராக்கிய மூங்கிற் குச்சி போதும். புதிய வளையம் உள்விட்டத்திலும் தடிப்பிலும் சரியாகப் பொருந்தவேண்டும். “ஏறக்குறையச் சரி” என்பது இங்கே சரியன்று. அதற்குச் சிலிக்கோன் கிறீஸ் ஒரு துளி தடவினாற் போதும். பெற்றோலாற் கழுவுவதும், கையில் அகப்பட்ட எண்ணெயைப் பூசுவதும் கேடு.

குழாய் முனைக் கசிவு இதனினும் எளிது. நைலோன் குழாயின் முனை கீறுபட்டிருந்தால், நீளம் போதுமாயின், கூரிய அலகினாற் கால் அங்குலம் நேர்க்குறுக்காக வெட்டி மீண்டும் செருகலாம். சாய்வாக வெட்டினால் மறுபடியும் கசியும்.

கொம்பிரசர் ஓடியும் காற்று ஏறத் தாமதிக்குமானால், பெரும்பாலும் பிஸ்டனின் அடைப்பு வளையம் தேய்ந்திருக்கும். பல கொம்பிரசர்களுக்கு இந்த வளையம் தனியே கிடைக்கின்றது. மின்மோட்டார் நலமாக இருக்கும்வரை முழுப் பொறியையும் எறியவேண்டியதில்லை. மோட்டாரே கருகியிருந்தாலும், சிலிண்டரின் உட்சுவர் ஆழமாகக் கீறுண்டிருந்தாலும், வளையம் மாற்றுவது வீண்வேலை.

உலர்த்திக் குடுவையைப் பலர் நினைப்பதேயில்லை. கொம்பிரசர் ஏற்றும் காற்று இதனூடாகச் சென்று ஈரத்தை இழக்கின்றது. கார் தாழும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அதே வழியாகத் திரும்பி அந்த ஈரத்தை வாரிக்கொண்டு போகின்றது. வருவதும் போவதும் சமமாயிருக்கும்வரை உலர்த்தி தன்னைத் தானே புதுப்பிக்கும். கசிவிருந்தாற் காற்று வேறு வழியாகப் போய்விடுவதால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஈரலிப்பு மிகுந்த எங்கள் காற்றிலே இது விரைவில் நிகழும். திறக்கக்கூடிய குடுவையானால், ஏற்ற வகை மணிகளைப் புதிதாக நிரப்பலாம். மணிகளின் இருபுறமும் உள்ள வடிகட்டித் துணிகளைத் தவறாது வைக்கவேண்டும்; இல்லையேல் மணித்தூள் வால்வுகளுட் புகுந்து புதிய நோயை உண்டாக்கும்.

இவற்றையெல்லாம் திறக்குமுன் ஒரு நிபந்தனை உண்டு. றேஞ்ச் ரோவரின் தாங்கியிற் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 இறாத்தல் அமுக்கத்திற் காற்று இருக்கும். கைநூல் சொன்னபடி அதனை முற்றாக வெளியேற்றாமல் எந்தக் குழாயையும் கழற்றலாகாது. கண்ணாடி அணிந்து கண்ணைக் காத்துக்கொள்க.

ஒட்டக்கூடாத ஒன்று

வளையத்தை மாற்றிய துணிவிலே, றப்பர்ப் பையில் உள்ள வெடிப்பையும் ஒட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சைக்கிள் ரியூப்பை ஒட்டி ஓட்டுகிறோமே, இதை ஏன் ஒட்டலாகாது?

ரியூப்பின் ஒட்டு நிலைப்பதற்குக் காரணம் பசை மாத்திரமன்று; அதைச் சுற்றி நிற்கும் ரயர். ரியூப் காற்றை அடைத்து வைக்கின்றது; அமுக்கத்தைத் தாங்குவது ரயர். காற்றுவில்லின் பைக்கோ வெளியே தாங்க ஒருவருமில்லை. காற்றை அடைப்பதும் அதுவே; தாங்குவதும் அதுவே. பாரத்தைச் சுமப்பவை றப்பருள் மறைந்திருக்கும் நூலிழைகள். மேலும், பையின் கீழ்ப் பகுதி சக்கரத்தின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் உள்நோக்கி மடிந்தும் விரிந்தும் உருளுகின்றது. அந்த மடிப்பில் எந்த ஒட்டும் நிலைக்காது. வெளியே தெரியும் வெடிப்பினூடாக நூலிழை தெரிந்தால், அந்தப் பையின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ளவேண்டும். பைக்குள் ஊற்றும் அடைப்புத் திரவங்களும் வேண்டா. அவை குழாய் வழியே வால்வுகளுட் சென்று அடைத்துக்கொள்ளும்.

பையைப் புதிதாக வாங்கி மாற்றுவதை றேஞ்ச் ரோவர் போன்ற வாகனங்களில் வீட்டிலேயே செய்யலாம். ஒட்டுவதைத்தான் எங்கேயும் செய்யலாகாது. பையும் அதிர்வு தாங்கியும் ஒன்றாக இணைந்து வரும் கார்களில் றப்பரை மாத்திரம் மாற்றுவதற்கு விசேட அழுத்துபொறி வேண்டும். அது தகுந்த தொழிற்சாலையின் வேலை.

பையின் ஆயுளை நீட்டிக்க வழியுண்டா? உண்டு. றப்பருக்குப் பகைவர்கள் வெப்பம், ஓசோன் வாயு, ஓயாத மடிப்பு, மடிப்பினுட் சிக்கும் மணல் ஆகியவை. கடற்கரைப் பாதையிலும் கிறவல் வீதியிலும் ஓடும் வாகனத்தின் பைகளை அவ்வப்போது வெறுந் தண்ணீராற் கழுவிவிடவேண்டும். பளபளப்புக்காக டீசலோ தேங்காயெண்ணெயோ பூசினால் றப்பர் ஊறி உரம் இழக்கும்.

உயிர்க்காப்பு

காற்றின்மேல் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையலாகாது. ஒரு குழாய் கழன்றாற் போதும். சில கணங்களிற் கார் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையே வைத்த கையும் நசுங்கும். ஜக்கு காரைத் தூக்குவதற்கு மாத்திரம்; தூக்கிய காரைத் தாங்குவதற்கு உறுதியான இரும்புத் தாங்கிக்கால்களைச் சட்டத்தின் அடியிலே, கல்லும் மண்ணும் இல்லாத கெட்டித் தரையில், நிறுத்தவேண்டும். செங்கல்லும் பலகையும் தாங்கிக்கால் ஆகா.

தூக்குமுன் காற்றுவில்லின் மின்னிணைப்பைத் துண்டிக்க மறவாதீர். இல்லையேல் இலத்திரனியற் பெட்டி உயர மாற்றத்தை உணர்ந்து, எதிர்பாராத வேளையிற் காற்றை விடவோ ஏற்றவோ தொடங்கும். புதிய பையைப் பூட்டியபின், அதனுட் சிறிது காற்றை ஏற்றி மடிப்பு ஒழுங்காக அமைந்ததைப் பார்த்த பின்னரே காரின் பாரத்தை அதன்மேல் இறக்கவேண்டும். வெறும் பையின்மேற் பாரம் இறங்கினால் மடிப்பு நசுங்கிப் புதிய பை முதல் நாளிலேயே கெடும். பாரமின்றித் தொங்கும் பையில் முழு அமுக்கத்தை ஏற்றுவதும் ஆபத்து. வேலை நடக்கும் இடத்திற் சிறுவர்களை விளையாட விடலாகாது. அதே வேளை, தனியாளாகவும் வேலை செய்யலாகாது. குரல் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும்.

குறை கண்ட றேஞ்ச் ரோவர், 35 மைல் வேகத்தைத் தாண்டவேண்டாம் என்று தானே எழுத்தில் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மதித்து ஓட்டுவோர் கராஜுக்குச் சேருவர். சரிந்த காரைக் கண்டும் காணாததுபோல வேகமாக ஓட்டினால், வளைவிலே கார் நிலை தடுமாறும். ரயர் மட்காட்டில் உரசிக் கிழியும்.

சிக்கனமும் அறிவும்

பழுது பார்த்து ஓட்டும் பழக்கம் எங்களவர்க்குப் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும், சிறிது பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயிலே ஓடின. பாகம் வராத ஊரில் இருந்த பாகத்தையே திருத்திப் பூட்டினார்கள் எங்கள் தொழிலாளர்கள். அந்தக் கார்களின் பாகங்கள் கண்ணுக்குத் தெரிபவை. பிழையும் கண்ணுக்குத் தெரியும். காற்றுவில்லின் பிழையோ கண்ணுக்குத் தெரியாத காற்றோடு போகின்றது. ஆகையால், அன்று கைத்திறன் செய்த வேலையை இன்று கைத்திறனும் அளவும் எழுத்தும் சேர்ந்து செய்யவேண்டியிருக்கின்றது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்புச் சுருள்வில்லைப் பூட்டும் வழியும் உண்டு. பல வாகனங்களுக்கு அதற்கான தொகுதிகள் விற்கப்படுகின்றன. பைகள், கொம்பிரசர், உணரிகள் யாவும் ஒருங்கே கெட்டிருந்தால் அது நியாயமான வழியே. பாரத்துக்கேற்ப உயரத்தைச் சமன்செய்யும் வசதி போய்விடும் என்பதை அறிந்துகொண்டு செய்யலாம். ஆனால், பைகளும் பொறிகளும் நலமாயிருக்க, ஒரு வளையத்துக்காக முழு அமைப்பையும் எறிவது, சாவி தொலைந்ததற்காகக் கதவையே கழற்றி எறிவது போன்றது.

ஆகவே, காற்றுவில் உள்ள வாகனத்தை வைத்திருப்போர் மாதம் ஒருமுறை நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து எழுதி வருவாராக. விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால், பொயிலின் விதி பரீட்சைத் தாளோடு நின்றுவிடாது. தாழ்வு தென்பட்டால் மூன்று கேள்விகளை ஒழுங்காகக் கேட்கவேண்டும். எது கசிகின்றது? ஏன் கசிகின்றது? இதனைத் திருத்தியபின் என் பிள்ளைகளை இந்தக் காரில் ஏற்றிச் செல்ல என் மனம் துணியுமா? முதல் இரண்டுக்கும் விடை கிடைத்து, மூன்றாவதற்குத் தயக்கமின்றி “ஆம்” என்று சொல்ல முடிந்தால், ஸ்பனரைக் கையில் எடுக்கலாம். மூன்றாவதிலே தயக்கம் தோன்றினால், அந்தப் பாகம் புதிதாகவே வாங்கப்படவேண்டியது.